கெடு தாண்டிய வீடு: கட்டட ஒப்பந்தம் பற்றி வாசகர் கேள்வி – பதில்

வீடு கட்டும் ஒப்பந்தம், காலக்கெடு, பாக்கித் தொகை குறித்து வந்த கேள்விகளில் பொதுவாகப் பயன்படக்கூடியவற்றை இந்த இதழுக்கு எடுத்திருக்கிறோம். கட்டடப் பொறியாளரும் வழக்கறிஞரும் சேர்ந்து எழுதிய பதில்கள் இவை.

1,500 சதுர அடியில் கீழ்தளம், முதல் தளம் சேர்த்து வீடு. சதுர அடி 2,400 ரூபாய், மொத்தம் 36 லட்சம். '8 மாதத்தில் முடித்துத் தருகிறேன்' என்று கையெழுத்துப் போட்ட கான்ட்ராக்டர், 13 மாதமாகியும் டைல்ஸ் வேலையில் நிற்கிறார். மாதம் 15,000 வாடகையும் பேங்க் வட்டியும் சேர்த்துக் கட்டுகிறேன். தாமதமான 5 மாத வாடகையைக் கடைசித் தவணையில் கழித்துக்கொள்ளலாமா?
– வாசகர், திருச்சி

கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. ஆனால் இதுவரை வாய்மொழியாக மட்டும் சத்தம் போட்டுவிட்டு, சாவி வாங்கும் நாளில் 75,000 ரூபாயைக் கழித்தால், 'வீட்டுக்காரர் பாக்கி வைத்துவிட்டார்' என்று அவர்தான் முதலில் நோட்டீஸ் அனுப்புவார்.

1872-ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம், 55-ஆவது பிரிவில் இதைப் பேசுகிறது. காலக்கெடுதான் ஒப்பந்தத்தின் உயிர் என்று இரு தரப்பும் நினைத்திருந்தால், கெடு தவறியதும் ஒப்பந்தத்தையே ரத்து செய்யலாம். அப்படி நினைக்கவில்லை என்றால் ரத்து செய்ய முடியாது, நஷ்டஈடு மட்டும் கேட்கலாம். கட்டட வேலைகளில் நீதிமன்றங்கள் பெரும்பாலும் இரண்டாவது வகையாகத்தான் எடுத்துக்கொள்கின்றன. குறிப்பாக, ஒப்பந்தத்திலேயே கால நீட்டிப்புக்கும் தாமத அபராதத்துக்கும் இடம் இருந்தால், 'காலமே உயிர்' என்ற வாதம் பலமிழந்துவிடும்.

அதே பிரிவின் மூன்றாவது பத்தியைத்தான் யாரும் படிப்பதில்லை. ரத்து செய்யும் உரிமை இருந்தும் அதைச் செய்யாமல், தாமதமாகச் செய்த வேலையை ஏற்றுக்கொண்டால், ஏற்றுக்கொள்ளும் நேரத்திலேயே 'நஷ்டஈடு கேட்பேன்' என்று தெரிவித்திருக்க வேண்டும். தெரிவிக்காவிட்டால் பிறகு கேட்க முடியாது. உங்கள் ஒப்பந்தம் எந்த வகையில் அடங்கும் என்ற விவாதத்தை வழக்கறிஞர்களிடம் விட்டுவிடுங்கள். எந்த வகையானாலும் உங்களைக் காப்பது அன்றே எழுதிய ஒரு கடிதம்தான்.

எனவே இந்த வாரமே எழுதுங்கள். வேலை தொடங்கிய தேதி, முடிய வேண்டிய தேதி, இன்று பாக்கியிருக்கும் வேலைகள் (அறைவாரியாக), இதுவரை கொடுத்த தொகை ஆகியவற்றைக் குறிப்பிடுங்கள். மீதி வேலைக்கு நியாயமான புதிய கெடு ஒன்று கொடுங்கள். டைல்ஸ், பெயிண்டிங், ஃபிட்டிங் மட்டும் பாக்கி என்றால் 45 முதல் 60 நாள் போதும். 'இந்த அவகாசம் தருவதால் ஏற்கெனவே ஏற்பட்ட தாமதத்துக்கான நஷ்டஈட்டு உரிமையை நான் விட்டுக்கொடுக்கவில்லை' என்ற வரி கட்டாயம் இருக்க வேண்டும். ஒப்புகை கிடைக்கும்படி தபாலில் அனுப்பி, அதே கடிதத்தை வாட்ஸ்அப்பிலும் போடுங்கள். வாடகை ரசீது, பேங்க் ஸ்டேட்மென்ட் இரண்டையும் மாதவாரியாக எடுத்து வையுங்கள். 73-ஆவது பிரிவின்படி கிடைக்கும் நஷ்டஈடு, தாமதத்தால் இயல்பாக விளைந்த நஷ்டத்துக்கும், ஒப்பந்தம் போடும்போதே இரு தரப்புக்கும் தெரிந்திருந்த நஷ்டத்துக்கும்தான். நீங்கள் வாடகை வீட்டில் இருப்பது அவருக்குத் தெரியும் என்பதை ஒப்பந்தத்திலேயே ஒரு வரியில் எழுதியிருந்தால் வேலை இன்னும் சுலபம்.

இன்னொன்றையும் சொல்லவேண்டும். இந்த அளவு வீட்டுக்கு 8 மாதம் என்பதே இறுக்கமான கணக்கு. அஸ்திவாரம் முதல் பேஸ்மென்ட் (வீட்டுத் தரை மட்டம்) வரை 5 வாரம், ஒவ்வொரு தளத்துக்கும் சுவர், லிண்டல் (கதவு ஜன்னலுக்கு மேல் வரும் உத்தரம்), கூரை சேர்த்து 6 வாரம், பூச்சு வேலை 6 வாரம், டைல்ஸ் 4 வாரம், பெயிண்டிங்கும் ஃபிட்டிங்கும் 4 வாரம் என்று கூட்டினால் 31 வாரம் வருகிறது. ஆள் வராத நாள், பண்டிகை, மழை எதுவும் இதில் இல்லை. 10 மாதம் என்று எழுதி, கட்டம்கட்டமாகக் கெடு வைத்தவர்களே பெரும்பாலும் குறித்த காலத்தில் குடிபோகிறார்கள். ஒரே ஒரு கடைசித் தேதி மட்டும் இருந்தால், வேலை பின்தங்குவது உங்களுக்கு ஆறாவது மாதத்தில்தான் உறைக்கும். பேஸ்மென்ட் கெடுவே 3 வாரம் தள்ளிப்போனால் இரண்டாவது மாதத்திலேயே தெரிந்துவிடும்.

தாமதத்துக்கு நாளொன்றுக்கு 5,000 ரூபாய் அபராதம் என்று எழுதலாம் என்கிறார் நண்பர். அது செல்லுமா?
– வாசகி, கோவை

எழுதலாம், ஆனால் எழுதிய தொகை அப்படியே கிடைத்துவிடாது. ஒப்பந்தச் சட்டத்தின் 74-ஆவது பிரிவுப்படி, நீங்கள் எழுதும் தொகை உச்சவரம்பு மட்டுமே. அதற்குள் நியாயமான நஷ்டஈடு எவ்வளவோ அவ்வளவுதான் கிடைக்கும். நஷ்டமே இல்லாத இடத்தில் எழுதிய தொகையை அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது என்று 2015-இல் கைலாஷ்நாத் வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவாக்கியது.

மிரட்டுவதற்கென்று பெரிய தொகை போடுவதைவிட, கணக்கு காட்டக்கூடிய தொகை போடுங்கள். 36 லட்ச ரூபாய் வேலைக்கு வாரம் அரை சதவீதம் என்றால் 18,000. உச்சவரம்பு 10 சதவீதம், அதாவது 3.6 லட்சம் என்று வைத்தால் 20 வாரத்தில் அது தீர்ந்துவிடும். அதற்கு மேலும் இழுத்தால் ஒப்பந்தத்தை முடித்துக்கொள்ளும் உரிமை உங்களுக்கு உண்டு என்று அடுத்த வரியில் எழுதுங்கள். 'தாமத இழப்பீட்டை அடுத்து வரும் தவணையில் கழித்துக்கொள்ளலாம்' என்ற வாசகமும் வேண்டும். மேலே திருச்சி வாசகரிடம் இல்லாதது அதுதான்.

நான் சிறு கான்ட்ராக்டர். கூரை போட்டபிறகு வீட்டுக்காரர் சமையலறைச் சுவரை இடித்து மாற்றச் சொன்னார். டைல்ஸ் அவரே வாங்கித் தருவதாகச் சொல்லி 7 வாரம் கழித்து இறக்கினார். இப்போது 2 மாதம் லேட் என்று சொல்லிப் பணத்தைப் பிடிக்கிறார். கூடுதல் வேலைக்கும் காசில்லையாம். எல்லாம் வாய்ப்பேச்சுதான். எனக்கு வழி உண்டா?
– வாசகர், சேலம்

உண்டு. ஒப்பந்தச் சட்டத்தின் 67-ஆவது பிரிவு உங்களுக்காகவே எழுதியது போல இருக்கும். வேலையைச் செய்யத் தேவையான வசதியை எதிர்த்தரப்பு செய்து தராவிட்டால், அந்த அளவுக்கு வேலை செய்பவர் பொறுப்பிலிருந்து விடுபடுகிறார். சட்டமே அங்கே சொல்லும் உதாரணமும் வீட்டு வேலைதான்: வீட்டைப் பழுதுபார்க்க ஒருவர் ஒப்புக்கொள்கிறார், எந்த இடம் பழுது என்று வீட்டுக்காரர் காட்டித்தரவில்லை. அதனால் வேலை நடக்காவிட்டால் பழுதுபார்ப்பவர் பொறுப்பல்ல. டைல்ஸ் வராமல் டைல்ஸ் ஒட்ட முடியாது என்பதும் அதே நியாயம்.

ஆனால் 7 வாரமும் முழுதாக உங்கள் கணக்கில் வராது. அந்த நாட்களில் வெளிப்பூச்சு, மொட்டைமாடித் தளம், கைப்பிடிச் சுவர் போன்ற வேலைகள் பாக்கி இருந்து, அவற்றையும் நீங்கள் செய்யாமல் விட்டிருந்தால், அந்த நாட்கள் இரண்டு தரப்பின் தாமதமாகிவிடும். அதனால் அந்த வாரங்களில் வேலையிடத்தில் யார் வந்தார்கள், என்ன நடந்தது என்பதற்கு வருகைப் பதிவோ சம்பள நோட்டோ இருந்தால் தேடி எடுங்கள்.

கூடுதல் வேலைக்கு 70-ஆவது பிரிவு இருக்கிறது. இலவசமாகச் செய்யும் எண்ணமில்லாமல் ஒருவர் செய்த வேலையின் பலனை மற்றவர் அனுபவித்தால், அதற்கு ஈடு தரவேண்டும். சுவர் இடித்தது, கழிவை அள்ளியது, புதுச் சுவர், பூச்சு என்று அளவெடுத்து, ஒப்பந்த ரேட் இருக்கும் இடத்தில் அந்த ரேட்டிலும், இல்லாத இடத்தில் அன்றைய சந்தை ரேட்டிலும் ஒரு பில் போட்டு அனுப்புங்கள். வாட்ஸ்அப்பில் அவர் 'சுவரை 2 அடி தள்ளிப் போடுங்க' என்று அனுப்பிய செய்தியோ குரல் பதிவோ இருந்தால் அழிக்காதீர்கள், போனையும் மாற்றாதீர்கள். 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய சாட்சியச் சட்டத்தின் 63-ஆவது பிரிவுப்படி, சான்றிதழுடன் சேர்த்துக் கொடுத்தால் அது சாட்சியமாகும்.

அடுத்த வேலையிலிருந்து ஒரு கார்பன் நோட்டுப் புத்தகம் போதும். மாற்றம் சொன்ன அன்றே 'என்ன மாற்றம், எவ்வளவு கூடுதல் தொகை, எத்தனை நாள் கூடும்' என்று மூன்று வரி எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். தொகையை எல்லோரும் எழுதுகிறார்கள், நாளை எழுத மறந்துவிடுகிறார்கள். பின்னால் அபராதக் கணக்கு வரும்போது அந்த மூன்றாவது வரிதான் உதவும்.

வடகிழக்குப் பருவமழையைக் காரணம் காட்டிக் கால நீட்டிப்புக் கேட்கலாமா?
– வாசகர், கடலூர்

அக்டோபரில் மழை பெய்யும் என்பது கடலூரில் வேலை எடுக்கும் எவருக்கும் தெரியும். தெரிந்ததைக் கணக்கில் வைத்துத்தான் கெடு ஒப்புக்கொள்ள வேண்டும். புயல், வெள்ளம், அரசு விடுமுறை அறிவித்த நாட்கள், வேலையிடத்தில் தண்ணீர் தேங்கி வடியாத நாட்கள் ஆகியவற்றுக்கு நாளுக்கு நாள் நீட்டிப்பு என்று எழுதிக்கொண்டால் சண்டை வராது. 'இயற்கைக் காரணங்களால்' என்ற பொத்தாம்பொதுவான வாசகம் இரு தரப்புக்கும் ஆபத்து. காரணம் ஏற்பட்ட 7 நாளுக்குள் எழுத்தில் தெரிவிக்க வேண்டும் என்பதையும் சேருங்கள்.

முன்பணம் 30 சதவீதம் கேட்கிறார்கள். கூரை போட்டதும் 80 சதவீதம் கொடுத்துவிட வேண்டுமாம். இதுதான் வழக்கமா?
– வாசகி, மதுரை

வழக்கம் என்று சொல்லித்தான் கேட்பார்கள். கூரை விழுந்ததும் வீடு முக்கால்வாசி முடிந்ததுபோலக் கண்ணுக்குத் தெரியும். செலவுக் கணக்கில் அப்படியில்லை. பூச்சு, வயரிங், குழாய், டைல்ஸ், கதவு ஜன்னல், பெயிண்ட் எல்லாம் அதற்குப் பிறகுதான். 80 சதவீதம் வாங்கியவருக்கு மீதி 20 சதவீதத்துக்காக இவ்வளவையும் செய்வது நஷ்டம். அவர் அடுத்த வேலையின் முன்பணத்தை வாங்கப் போய்விடுவார். பாதியில் நிற்கும் வீடுகளில் பெரும்பாலானவற்றின் கதை இதுதான். அவர்கள் எல்லோரும் ஏமாற்றுக்காரர்கள் அல்ல, தவணை அட்டவணைதான் அவர்களைத் துரத்திவிடுகிறது.

செய்து முடித்த வேலையின் மதிப்பைவிட நீங்கள் கொடுத்த பணம் எந்தக் கட்டத்திலும் அதிகமாக இருக்கக்கூடாது. தரைத்தள வீட்டுக்கு இப்படிப் பிரிக்கலாம்: முன்பணம் 5, பேஸ்மென்ட் மட்டம் முடிந்ததும் 15, லிண்டல் மட்டத்தில் 15, கூரை காங்கிரீட் போட்டதும் 20, உள், வெளிப் பூச்சு முடிந்ததும் 15, டைல்ஸ், வயரிங், குழாய் வேலைக்கு 15, கதவு, பெயிண்டிங் முடிந்ததும் 7, சாவி கொடுக்கும்போது 3, மீதி 5 சதவீதம் ஒரு மழைக்காலம் தாண்டியபிறகு. கடைசி 5 சதவீதத்தைக் கான்ட்ராக்டர்கள் எதிர்ப்பார்கள். அதைப் பேங்கில் தனியாகப் போட்டு, 'குறைகள் சரிசெய்யப்பட்டால் இந்தத் தேதியில் தருவேன்' என்று எழுதிக் கொடுத்தால் பெரும்பாலோர் ஒப்புக்கொள்வார்கள்.

முன்பணம் 5 சதவீதம் மிகக் குறைவு என்று அவர் சொன்னால் அதிலும் நியாயம் உண்டு. கம்பியும் சிமென்ட்டும் கடனில் எடுத்தால் அவருக்கு விலை கூடும். அப்படியானால் 10 தாருங்கள், அந்தக் கூடுதல் 5-ஐப் பேஸ்மென்ட் தவணையில் குறைத்துக்கொள்ளுங்கள்.

'கூரை போட்டதும்' என்பதற்குப் பதில் 'கூரை காங்கிரீட் போட்டு 7 நாள் ஆனபின், பொறியாளர் பார்த்துக் கையெழுத்திட்டதும்' என்று எழுதுங்கள். கட்டம் முடிந்தது என்று சொல்ல ஒரு மூன்றாவது ஆள் இருந்தாலே பாதி வழக்கு வராது.

சதுர அடி ரேட் பேசித்தான் வேலை கொடுத்தோம். கடைசியில் சன்ஷேடு, மாடிப்படி ஹெட்ரூம், தண்ணீர் சம்ப், செப்டிக் டேங்க் எல்லாவற்றையும் சதுர அடியில் சேர்த்துப் பில் வந்திருக்கிறது. சரியா?
– வாசகர், ஈரோடு

ஒப்பந்தம் வாய் திறக்காவிட்டால் சரி, தப்பு இரண்டையும் வாதாடலாம், அதுதான் சிக்கல். 30க்கு 40 அடி வீட்டை எடுத்துக்கொள்ளுங்கள். தளம் 1,200 சதுர அடி. சுற்றிலும் 2 அடி நீட்டிய சன்ஷேடு இருந்தால் அதன் பரப்பு மட்டும் 296 சதுர அடி. 2,400 ரூபாய் ரேட்டில் அது 7,10,400 ரூபாய். பாதி அளவு என்று பேசியிருந்தால் 3,55,200. சேர்க்கக் கூடாது என்று எழுதியிருந்தால் பூஜ்யம். கையெழுத்துப் போடும் முன் ஒரு வரி எழுதியிருந்தால் இந்த 7 லட்சத்தைப் பற்றிப் பேச்சே வந்திருக்காது.

தள அளவு எப்படி எடுப்பது என்பதற்கு ஐ.எஸ். 3861 என்ற இந்தியத் தர நிர்ணயம் இருக்கிறது. லாஃப்ட், அலங்காரப் பட்டை போன்றவை அதன்படி தள அளவில் சேராது. 'அளவு ஐ.எஸ். 3861 படி' என்று எழுதுவது நல்லது. ஆனாலும் சன்ஷேடு, பால்கனி, ஹெட்ரூம், போர்டிகோ நான்குக்கும் முழு அளவா, பாதியா, இல்லையா என்று தனித்தனியாகக் குறிப்பிடுங்கள். சம்பும் செப்டிக் டேங்கும் லிட்டர் கணக்கில், காம்பவுண்டு சுவர் ஓட்ட அடிக் கணக்கில், தனி ரேட்டாக இருக்கட்டும். பூச்சு வேலையை அளவுப்படி பேசியிருந்தால் ஜன்னல், கதவுக்குக் கழிவு உண்டா என்ற சண்டை வரும். ஐ.எஸ். 1200 முறையில் அரை சதுர மீட்டருக்குள் அடங்கும் திறப்புக்குக் கழிவு இல்லை. அதற்கு மேல் 3 சதுர மீட்டர் வரை ஒரு பக்கம் மட்டும் கழிக்க வேண்டும்.

பொருள்களுக்கும் இதே கண்டிப்பு வேண்டும். 'நல்ல தரமான டைல்ஸ்' என்று எழுதியிருந்தால் அதற்குப் பொருளே இல்லை. 'சதுர அடி 60 ரூபாய், வரி உட்பட, ஒட்டுக் கூலி தனி' என்று எழுதினால்தான் பொருள்.

மெட்டீரியல் கான்ட்ராக்டுக்கு 18 சதவீதம் ஜி.எஸ்.டி. கேட்கிறார். கட்ட வேண்டுமா?
– வாசகர், வேலூர்

பொருளும் கூலியும் சேர்ந்த ஒப்பந்தத்துக்கு 18 சதவீதம் உண்டு. ஆனால் அவர் ஜி.எஸ்.டி. பதிவு பெற்றிருந்தால்தான் வசூலிக்க முடியும். எண்ணை வாங்கி ஜி.எஸ்.டி. இணையதளத்தில் சரிபாருங்கள். பொருளை நீங்கள் வாங்கி, கூலிக்கு மட்டும் விட்டால், தனி வீட்டுக்கு அந்தக் கூலிக்கு வரிவிலக்கு உண்டு. பேசிய ரேட் வரியோடு சேர்த்ததா இல்லையா என்பதையும் முன்பே எழுதிக்கொள்ளுங்கள்.

கெடுவைப் பிடிக்க வேண்டும் என்று கூரை போட்ட 7-ஆம் நாளே சென்ட்ரிங் (கூரையைத் தாங்கும் பலகையும் முட்டும்) பிரிக்கப் பார்க்கிறார் மேஸ்திரி. தடுத்தால் 'அப்போ லேட்டுக்கு நீங்கதான் பொறுப்பு' என்கிறார்.
– வாசகி, தஞ்சாவூர்

எத்தனை அடி அகலம் என்று முதலில் பாருங்கள். காங்கிரீட் வேலைக்கான இந்தியத் தர நிர்ணயமான ஐ.எஸ். 456 தரும் கணக்கு இது: கூரைப் பலகையை 3 நாளில் எடுத்து உடனே முட்டு மறுபடி கொடுக்கலாம். முட்டுகளை எடுக்க, 4.5 மீட்டர் வரை அகலமுள்ள தளத்துக்கு 7 நாள், அதற்கு மேல் 14 நாள். பீம் முட்டுக்கு 6 மீட்டர் வரை 14 நாள், அதற்கு மேல் 21 நாள். இவையெல்லாம் சாதாரண போர்ட்லேண்ட் சிமென்ட்டுக்கும், முறையாகத் தண்ணீர் விட்ட காங்கிரீட்டுக்கும் உரிய குறைந்தபட்ச நாட்கள். இன்று கடையில் அதிகம் விற்பது பி.பி.சி. (போர்ட்லேண்ட் பொஸோலானா) என்ற கலப்பு சிமென்ட். அது மெதுவாக இறுகும் என்பதால் கூடுதல் நாள் தரவேண்டும். 10 அடி அறைக்கு 7 நாள் கேட்பது அடாவடி அல்ல, ஆனால் 16 அடி ஹாலுக்கும் அதன் பீமுக்கும் 7 நாள் என்றால் நீங்கள் தடுத்தது சரி.

பொறுப்பு யாருக்கு என்றால், தர நிர்ணயம் கேட்கும் நாட்கள் தாமதமே அல்ல. கெடுவை ஒப்புக்கொண்டபோதே அவர் அதைக் கணக்கில் வைத்திருக்க வேண்டும். ஒப்பந்தத்தில் 'சென்ட்ரிங் பிரிப்பதும் தண்ணீர் விடுவதும் ஐ.எஸ். 456 படி' என்று இருந்தால் பேச்சே இல்லை. தண்ணீர் விடுவது குறைந்தது 7 நாள், பி.பி.சி. சிமென்ட்டுக்கும் வெயில் காலத்துக்கும் 10 நாள்.

கூடவே க்யூப் சோதனையையும் (காங்கிரீட் கட்டிகளை உடைத்து வலிமை பார்ப்பது) கேளுங்கள். 5 அங்குலக் கனத்தில் 1,200 சதுர அடி தளம் என்றால் சுமார் 14 கன மீட்டர் காங்கிரீட். 6 முதல் 15 கன மீட்டருக்கு 2 மாதிரி, மாதிரிக்கு 3 கட்டி வீதம் 6 கட்டிகள் எடுக்க வேண்டும். பீமும் சேர்ந்து 15-ஐத் தாண்டினால் 3 மாதிரி, 9 கட்டிகள். சோதனைச் செலவு மிகக் குறைவு. பின்னால் தரம் பற்றி வழக்கு வந்தால் உங்கள் கையில் இருக்கும் முதல் தாள் அதுதான். சோதனை முடிவுக்கு 28 நாள் காத்திருக்கப் பொறுமையில்லாவிட்டால், கூடுதலாக 3 கட்டி எடுத்து 7-ஆம் நாளும் உடைத்துப் பார்க்கலாம்.

கூரை போட்டபின் கான்ட்ராக்டர் 2 மாதமாக வரவில்லை, போனும் எடுப்பதில்லை. வேறு ஆளை வைத்து முடித்துவிடலாமா?
– வாசகர், திருநெல்வேலி

முடிக்கலாம். ஆனால் நாளைக்கே புது ஆளை இறக்கினால், எது பழையவர் செய்தது, எது புதியவர் செய்தது என்பதே கலந்துபோகும்.

முதலில் ஒரு பொறியாளரை வைத்து, முடிந்த வேலைகளை அளவெடுங்கள். எந்த வேலை எத்தனை சதவீதம், என்னென்ன குறை, வேலையிடத்தில் கிடக்கும் பொருள்கள் யாருடையவை என்று தேதி தெரியும் படங்களோடு அறிக்கை வேண்டும். அளவெடுக்கும் நாளைக் கான்ட்ராக்டருக்கு முன்கூட்டியே எழுத்தில் தெரிவியுங்கள். வராவிட்டால் அவர் வரவில்லை என்று அறிக்கையில் குறிக்கச் சொல்லுங்கள். அவருடைய சென்ட்ரிங் சாமான், மிக்ஸர் மெஷின் எதையும் பிடித்துவைக்காதீர்கள், உங்கள் மேலேயே போலீஸ் புகார் வரும்.

அடுத்தது நோட்டீஸ். குறிப்பிட்ட நிவாரணச் சட்டத்தில் 2018-இல் கொண்டுவந்த திருத்தம் உங்களுக்குப் பெரிய உதவி. ஒப்பந்தப்படி வேலை செய்யாதவருக்குக் குறைந்தது 30 நாள் அவகாசம் கொடுத்து எழுத்தில் நோட்டீஸ் தரவேண்டும். அதற்குள்ளும் செய்யாவிட்டால், வேறு ஆளை வைத்து முடித்து, அதற்கு ஆன செலவை அவரிடமிருந்து வசூலிக்கலாம். சட்டம் சொல்லும் அந்த 30 நாளை 15 ஆக்காதீர்கள். செலவு செய்தபிறகுதான் வசூலிக்கும் உரிமை வரும் என்பதால், புதியவரின் விலைப்பட்டியல், பில், பேங்க் மூலம் கொடுத்த பணம் எல்லாம் கோப்பில் இருக்கட்டும். முடிந்தால் இரண்டு மூன்று பேரிடம் விலை கேட்டு வாங்குங்கள். அதிக விலைக்குக் கொடுத்துவிட்டீர்கள் என்ற எதிர்வாதம் அங்கேயே அடங்கிவிடும்.

பிறகு வழக்கு. உங்கள் சொந்த நிலத்தில் வீடு கட்டித் தருபவர் ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையத்தின் கீழ் வரமாட்டார். அந்தச் சட்டம் கட்டி விற்பவர்களுக்கானது. நீங்கள் போகவேண்டிய இடம் நுகர்வோர் ஆணையம். 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் வீடு கட்டித் தருவதையும் சேவை என்றே சொல்கிறது. நீங்கள் கொடுத்த தொகை 50 லட்சத்துக்குள் என்றால் மாவட்ட ஆணையம். நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே போடலாம். பிரச்சினை எழுந்த நாளிலிருந்து 2 வருடத்துக்குள் போட வேண்டும். 'பேசித் தீர்த்துக்கலாம்' என்று அவர் இழுத்தடிப்பதில் அந்த 2 வருடம் ஓடிவிடும், கவனம்.

எங்கள் ஒப்பந்தத்தில் 'தகராறு வந்தால் மத்தியஸ்தர் மூலம் மட்டுமே' என்று இருக்கிறது. நுகர்வோர் ஆணையத்துக்குப் போக முடியாதா?
– வாசகர், ஓசூர்

போகலாம். மத்தியஸ்த வாசகம் இருப்பதால் நுகர்வோர் ஆணையத்தின் கதவு மூடாது என்று 2018-இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. 'கான்ட்ராக்டர் நியமிக்கும் மத்தியஸ்தர்' என்று எழுதியிருந்தால், ஒரு தரப்பு தானாக நியமிப்பதையும் உச்ச நீதிமன்றம் 2019-இலேயே ஏற்கவில்லை.

சென்னையில் ஃபிளாட்டுக்கு 52 லட்சம் கட்டிவிட்டேன். ஒப்பந்தப்படி சாவி தரவேண்டிய தேதியும், 6 மாதச் சலுகைக் காலமும் தாண்டி ஒரு வருடம் ஆகிறது. ஆள் பற்றாக்குறை என்கிறார் பில்டர். இப்போது 'எந்தக் கோரிக்கையும் இல்லை' என்று கையெழுத்துப் போட்டால் சாவி தருவாராம்.
– வாசகி, சென்னை

அந்தத் தாளில் கையெழுத்துப் போடாதீர்கள். சாவி வேண்டுமானால் நஷ்டஈட்டை விட்டுக்கொடு என்று நிபந்தனை போடுவது நியாயமற்றது என்று 2020-இல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது.

2016-ஆம் ஆண்டு ரியல் எஸ்டேட் சட்டத்தின் 18-ஆவது பிரிவு உங்களுக்கு இரண்டு வழி தருகிறது. விலகிக்கொண்டு, கட்டிய பணத்தை வட்டியோடு திரும்பக் கேட்கலாம். அல்லது வீடுதான் வேண்டும் என்றால், சாவி தரும்வரை ஒவ்வொரு மாதத் தாமதத்துக்கும் வட்டி கேட்கலாம். தமிழ்நாடு விதிகளின்படி வட்டி, ஸ்டேட் பேங்கின் கடன் செலவு விகிதத்துக்கு (எம்.சி.எல்.ஆர். – பேங்க் கடன் வட்டிக்கு அடிப்படையான விகிதம்) மேல் 2 சதவீதம். கணக்குக்காக 10 சதவீதம் என்று வைத்தால் 52 லட்சத்துக்கு மாதம் 43,333 ரூபாய். ஒரு வருடத்துக்கு 5.2 லட்சம். அந்த ஒற்றைத் தாளில் நீங்கள் இழக்கவிருந்தது இதுதான்.

ஆள் பற்றாக்குறை சாக்கு செல்லாது. போர், வெள்ளம், வறட்சி, தீ, புயல், நிலநடுக்கம், வேறு இயற்கைச் சீற்றம் ஆகியவற்றைத்தான் 6-ஆவது பிரிவு தவிர்க்க முடியாத காரணமாகக் குறிப்பிடுகிறது. பணத்தைத் திரும்பப் பெறும் உரிமை நிபந்தனையற்றது என்று 2021-இல் நியூடெக் வழக்குத் தீர்ப்பும் சொல்கிறது.

ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையத்தின் தளத்தில் உங்கள் திட்டத்தின் பதிவு எண்ணைப் போட்டு, பில்டர் கொடுத்திருக்கும் முடிப்புத் தேதியையும் காலாண்டு முன்னேற்ற விவரத்தையும் பதிவிறக்குங்கள். பணம் திரும்பவும் தாமத வட்டியும் கேட்க ஆணையத்திடம் மனு, மன உளைச்சல் போன்ற இழப்பீட்டுக்குத் தீர்ப்பு அதிகாரியிடம் தனி மனு. நுகர்வோர் ஆணையத்துக்கும் போகலாம், ஆனால் ஒரே கோரிக்கையோடு இரண்டு இடத்திலும் நிற்காதீர்கள்.

குடிபோய் மூன்றாவது வருடம் ஃபிளாட்டின் பாத்ரூம் சுவரில் ஈரம் பொங்குகிறது. 'ஒரு வருட வாரண்டி முடிந்தது' என்கிறார் பில்டர்.
– வாசகர், தாம்பரம்

ரியல் எஸ்டேட் சட்டத்தின் 14-ஆவது பிரிவு 5 வருடம் தருகிறது. கட்டமைப்புக் குறை மட்டுமல்ல, வேலைத் தரக் குறையும் அதில் அடங்கும். நீங்கள் தெரிவித்த 30 நாளுக்குள் இலவசமாகச் சரிசெய்ய வேண்டும். ஒப்பந்தத்தில் எழுதிய ஒரு வருடம் இதைக் குறைக்காது. நீங்களே டைல்ஸை உடைத்துப் பார்க்கும் முன், ஈரத்தைப் படமெடுத்து, எழுத்தில் புகார் அனுப்பி, அவர் ஆள் வந்து பார்க்க ஒரு தேதி கொடுங்கள். உடைத்தபின் 'நீங்கள்தான் வாட்டர்ப்ரூஃபிங்கைக் கெடுத்தீர்கள்' என்பார்.